பாலும் கோதுமையும் நிறுத்திப் பார்க்கலாமா? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. யாராவது ஒருவர் வந்து, "பாலையும் கோதுமையையும் நிறுத்திப் பாருங்க, எங்களுக்குத் தெரிஞ்ச பையன் பேசவே ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அடுத்த வாரமே வீட்டுச் சமையலறை தலைகீழாகிவிடும்.

இந்த உணவுமுறையை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்போது, எப்படி நிறுத்துவது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் மூன்று வருடமாகப் பால் கொடுக்காமல் இருந்தும், அதனால் பலன் உண்டா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வீடுகள் பல. செய்துதான் பார்ப்பது என்று முடிவெடுத்தால், தொடக்க நாள், முடிவு நாள், கணக்கு மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு சோதனையாகச் செய்யுங்கள். அதற்கான வழிதான் கீழே இருப்பது.

முதலில், இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். கேசின் பாலில் இருக்கும் புரதம். ஆட்டிசத்துக்கும் உடலில் உள்ள ஓபியம் போன்ற வேதிப்பொருட்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1979இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். நார்வேயைச் சேர்ந்த ரைஷெல்ட் போன்றவர்கள் அதை உணவோடு இணைத்தார்கள். இந்த இரு புரதங்களும் சரியாகச் செரிக்காமல் துண்டுகளாகக் குடல்சுவர் வழியே ரத்தத்தில் கலந்து, மூளையில் போதைப்பொருள் போல வேலை செய்கின்றன என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008இல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் சிறுநீரையும் மற்றச் சிறுவர்களின் சிறுநீரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் புரதத் துண்டுகள் கிடைக்கவில்லை.

உணவை மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 2002இல் நார்வேயில் 20 குழந்தைகளை ஒரு வருடம் கவனித்த ஆய்வு, பலன் இருப்பதாகச் சொன்னது. 2010இல் டென்மார்க்கில் 72 குழந்தைகளோடு தொடங்கிய ஆய்வும் சில அம்சங்களில் முன்னேற்றம் கண்டது. இரண்டிலும் தங்கள் பிள்ளை எந்த உணவில் இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். 2006இல் அமெரிக்காவில் 15 குழந்தைகளை வைத்து, எந்த வாரம் எந்த உணவு என்று பெற்றோருக்கும் தெரியாமல், கவனிப்பவர்களுக்கும் தெரியாமல் செய்தபோது அளவீடுகளில் வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் சில பெற்றோர் "முன்னேற்றம் தெரிகிறது" என்றே சொன்னார்கள். 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில் 14 சிறு குழந்தைகளை முதலில் இந்த உணவுமுறைக்குக் கொண்டுவந்து, பிறகு குளூட்டன் உள்ள, கேசின் உள்ள, இரண்டும் உள்ள, இரண்டும் இல்லாத தின்பண்டங்களை யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தூக்கம், மலம், நடத்தை எதிலும் மாற்றமில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த உணவுமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது.

அப்படியானால் அவர் சொன்ன அந்தப் பையனுக்கு எப்படிச் சரியானது?

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு மலச்சிக்கலும் வயிற்றுக் கோளாறும் உண்டு. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடக்கும், தன் கையைக் கடிக்கும், நடு இரவில் எழுந்து கத்தும். 1998இல் இத்தாலியில், ஆட்டிசத்துக்குச் சம்பந்தமில்லாமல், நாட்பட்ட மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலுக்குப் பதில் சோயாப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேருக்குச் சிக்கல் தீர்ந்தது. இன்னொரு வழியும் உண்டு. நாளெல்லாம் பாலையே குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறையும். இரும்பு குறைந்தால் தூக்கம் கெடும். இப்படிப்பட்ட குழந்தைக்குப் பாலைக் குறைத்தால் வயிறு இளகும், தூக்கம் வரும், எரிச்சல் குறையும். குறைந்தது வலிதான், ஆட்டிசம் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால், வலி குறைவதே பெரிய விஷயம். ஆனால் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். "பேச்சு வரும்" என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

படி 1: எதையும் நிறுத்துவதற்கு முன்னால் மருத்துவரிடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாத வேலை இது.

சீலியாக் நோய் என்று ஒன்று உண்டு. அது இருப்பவர்களுக்குக் குளூட்டன் குடலையே சேதப்படுத்தும். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை (டி.டி.ஜி–ஐ.ஜி.ஏ, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ அளவு) குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே சரியாகக் காட்டும். கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். மறுபடி சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் தினமும் கோதுமை கொடுத்துத்தான் ஆக வேண்டும். சீலியாக் இருப்பது உறுதியானால், இந்தக் கட்டுரையில் சொல்லும் "சோதனை" எதுவும் உங்களுக்கில்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் கூடாது.

அதே வருகையில் உயரம், எடை, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால் குடித்ததும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு எப்போதாவது வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது ஒவ்வாமை, அதன் பாதை வேறு. மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதற்கு முறையான சிகிச்சை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தேடிவந்தது கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

பணத்தை வீணாக்கும் பரிசோதனைகளும் உண்டு. நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி என்ற ரத்த எதிர்ப்புப்பொருளின் அளவு பார்த்து நீண்ட பட்டியல் தருவார்கள். ஐ.ஜி.ஜி என்பது அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியதைத்தான் காட்டும், ஒத்துக்கொள்ளாததை அல்ல. முடியைப் பரிசோதிப்பது, சிறுநீரில் புரதத் துண்டு தேடுவது இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் டயட்டீஷியன் ஒருவரை இரண்டு முறை பார்த்துவிடலாம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை ஏற்றதல்ல. உங்கள் பிள்ளை சாப்பிடும் பொருட்களை ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியல் பத்துப் பன்னிரண்டுக்குள் முடிந்து, அதில் முக்கால்வாசி ரொட்டி, பிஸ்கட், பால், தயிர் என்றால் இப்போதைக்குத் தொடங்காதீர்கள். இருப்பதையும் எடுத்துவிட்டால் குழந்தை மாற்று உணவைச் சாப்பிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சாப்பிடாமலே இருந்துவிடும் குழந்தைகள் உண்டு. மிகக் குறுகிய உணவில் இருந்த ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி என்ற நோய் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எடை குறைவாக இருக்கும் குழந்தைக்கும் இதே பேச்சுதான்.

படி 2: எதைக் கவனிக்கப் போகிறீர்கள்?

"நல்லா இருக்கான்" என்பது கணக்காகாது. எண்ணக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: இரவில் எத்தனை முறை விழிக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் மலம் போகிறது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது நாளைக்கு எத்தனை முறை, இப்படி. மலத்தின் தன்மையை எழுத பிரிஸ்டல் அட்டவணை உதவும். 1 என்றால் புழுக்கை போலக் கட்டி, 7 என்றால் தண்ணீர். ஒரு நாளின் பதிவு இவ்வளவு இருந்தால் போதும்: "செவ்வாய். இரவு 2 மணிக்கு விழிப்பு, முக்கால் மணி நேரம். மலம் இல்லை (மூன்றாம் நாள்). மாலையில் அழுகை இரண்டு முறை. லேசாகச் சளி."

அந்தச் சளியையும் எழுதுவது முக்கியம். உணவை மாற்றாமலே இரண்டு வாரம் இந்தப் பதிவை எழுதுங்கள். அப்போதுதான் ஏற்ற இறக்கம் இயல்பாகவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஒரு வாரம் நன்றாகவும் ஒரு வாரம் மோசமாகவும் போவது இந்தக் குழந்தைகளிடம் சகஜம். மோசமான வாரத்தில் எதைத் தொடங்கினாலும் அடுத்த வாரம் பலன் தந்ததுபோலத் தெரியும்.

நம்பிக்கை கண்ணை மறைப்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சீக்ரெட்டின். செரிமான ஹார்மோனான இதை ஊசியாகப் போட்டால் ஆட்டிசம் குறைகிறது என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது. 1999இல் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு அதையும் மறு பாதிக்கு வெறும் உப்புநீரையும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரேபோல முன்னேற்றம் பதிவானது. இதைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் சீக்ரெட்டின் வேண்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் வெளி ஆள் ஒருவர் வேண்டும். ஆசிரியரிடமோ தெரபிஸ்டிடமோ ஒரே கேள்வித்தாளை வாரம் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். உணவு என்றைக்கு மாறுகிறது, மறுபடி என்றைக்குத் திரும்புகிறது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பள்ளியில் உணவு கொடுக்கிறார்கள் என்றால் இது முடியாது. அப்போது வேறு நேரத்தில் குழந்தையைப் பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள்.

சோதனை நடக்கும் காலத்தில் புது மருந்து, புது தெரபி, பள்ளி மாற்றம், வீடு மாற்றம் எதுவும் வேண்டாம். வருகிறது என்று தெரிந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 3: இரண்டையும் சேர்த்து நிறுத்தாதீர்கள். முதலில் பால்

சேர்த்து நிறுத்தினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது; தேவையில்லாமல் இரண்டையும் வருடக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டிவரும். பாலை நிறுத்துவது ஒப்பீட்டளவில் சுலபம், வயிறு சம்பந்தப்பட்ட மாற்றம் வருமென்றால் சில வாரங்களிலேயே வரும். நான்கு முதல் ஆறு வாரம் போதும்.

சில குழப்பங்கள் எல்லோருக்கும் வரும். ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் கேசின் உண்டு. ஏ2 பாலிலும் உண்டு. லாக்டோஸ் நீக்கிய பாலில் போனது சர்க்கரைதான், புரதம் அப்படியே இருக்கிறது. தயிர், மோர், பனீர், சீஸ், வெண்ணெய், ஐஸ்கிரீம் எல்லாம் இதில் அடக்கம். நெய்யில் புரதம் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் சோதனைக் காலத்தில் விட்டுவிடுவது சந்தேகத்துக்கு இடம் வைக்காது.

பாலின் இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு கப் பசும்பாலில் சுமார் 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. சோயாப் பால் புரதத்தில் கிட்டத்தட்ட ஈடுகொடுக்கும். பாதாம் பாலில் ஒரு கப்புக்கு 1 கிராம் அளவுதான். வெள்ளையாக இருக்கிறது என்பதைத் தவிரப் பாலோடு அதற்குப் பெரிய உறவில்லை. அரிசிப் பாலிலும் புரதம் இல்லாததுபோலத்தான். ஆர்செனிக் காரணமாக ஐந்து வயதுக்குள் அரிசிப் பாலைத் தவிர்க்கும்படி பிரிட்டனில் அறிவுறுத்துகிறார்கள். எதை வாங்கினாலும் கால்சியம் சேர்த்தது என்று எழுதியிருக்க வேண்டும், குடிக்கும் முன் குலுக்க வேண்டும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும்.

அமெரிக்கப் பரிந்துரைப்படி 1 முதல் 3 வயதுக்கு நாளைக்கு 700 மில்லிகிராமும், 4 முதல் 8 வயதுக்கு 1000 மில்லிகிராமும், 9 முதல் 18 வயதுக்கு 1300 மில்லிகிராமும் கால்சியம் தேவை. வைட்டமின் டி 600 யூனிட். பால் இல்லாமல் இதை உணவில் மட்டும் எட்டுவது கஷ்டம். டயட்டீஷியனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, குறைவதை மாத்திரையாகவோ சொட்டு மருந்தாகவோ கொடுங்கள். இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை: ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு எதிர்பார்த்ததைவிட மெலிதாக இருந்ததையும், பாலில்லா உணவில் இருந்தவர்களுக்கு இன்னும் மெலிதாக இருந்ததையும் 2008இல் ஓர் ஆய்வு காட்டியது.

படி 4: மாற்றத்தைக் குழந்தைக்குத் தெரியாத வேகத்தில் செய்யுங்கள்

பாக்கெட்டின் நிறம் மாறினால்கூடச் சாப்பிடாத குழந்தையிடம் ஒரே நாளில் பாலை மாற்ற முடியாது. அதே டம்ளர், அதே சூடு, அதே நேரம். முதல் மூன்று நாள் 180 மில்லி பாலில் 20 மில்லி சோயாப் பால். முகம் சுளிக்கவில்லை என்றால் 160க்கு 40. சுளித்தால் முந்தைய அளவுக்கே திரும்பி ஒரு வாரம் நில்லுங்கள். முழுதாக மாற ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்; சோதனைக் காலத்தை முழுதாக மாறிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

மொறுமொறுப்பு பிடித்த குழந்தைக்கு மாற்றும் மொறுமொறுப்பாகவே இருக்க வேண்டும். கோதுமை பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த உருளைக்கிழங்கைக் கொடுத்து "சத்தானது" என்று சொல்லிப் பயனில்லை. சோளத்திலோ அரிசியிலோ செய்த, அதே தடிமனும் அதே சத்தமும் உள்ள ஒன்றைத் தேடுங்கள். குழந்தை மிகவும் நம்பிச் சாப்பிடும் ஒரு பொருளில் மட்டும் ரகசியமாக எதையும் கலக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பொருளையும் இழப்பீர்கள்.

படி 5: லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

முன்பக்கத்தில் "நான்–டெய்ரி" என்று எழுதியிருக்கும் காபி கிரீமரைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சோடியம் கேசினேட் என்று இருக்கும். அதுவும் கேசின்தான். பால் திரிந்தபின் பிரியும் நீரில் உள்ள புரதமான வே, பால் திடப்பொருள் என்ற பெயர்களிலும் பால் வரும். குளூட்டன் ஒளிந்திருக்கும் இடங்கள்: மால்ட், ரவை, சோயா சாஸ், பதப்படுத்திய இறைச்சி, கெட்டிப்படுத்திய சூப். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைப் புரதம் இல்லை. ஆனால் கோதுமையோடு கலந்துவிடும், அதனால் குளூட்டன் இல்லை என்று சான்று பெற்றதை மட்டும் வாங்குங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால்தான் அப்படி எழுதலாம். கண்டதையும் வாயில் வைக்கும் குழந்தை என்றால் விளையாட்டு மாவையும் கவனியுங்கள். பிளே–டோவில் கோதுமை உண்டு.

"குளூட்டன் ஃப்ரீ" என்று எழுதியதெல்லாம் நல்ல உணவு என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய பிஸ்கட்டுகளில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மட்டுமே இருக்கும். பல நாடுகளில் கோதுமை மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கிறார்கள். மாற்று மாவுகளில் அது இருக்காது. நார்ச்சத்தும் குறையும், மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு அது நேர் எதிரான வேலையைச் செய்யும்.

படி 6: கோதுமை

பால் சோதனை முடிந்து, அடுத்த படியில் சொல்வதுபோல் பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். கால அளவு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்தால்தான் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு வருடத்தில் எந்தக் குழந்தையும் வளரும், சில புது வார்த்தைகள் கற்கும். அதை உணவின் கணக்கில் எழுத முடியாது. அரிசி, சோளம், சிறுதானியம், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, காய், பழம் எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் உணவை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டால் குழந்தைக்குத் தனியாகச் சமைக்கும் வேலை மிச்சமாகும்.

தாத்தா பாட்டி, பள்ளி, பிறந்தநாள் விருந்து மூன்றும் சவால்தான். "ஒரு வாய்தானே" என்பவர்களிடம் வாதாடாதீர்கள். "இந்தத் தேதி வரைக்கும் மட்டும், அப்புறம் நீங்களே கொடுங்க" என்று முடிவு நாளைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள். தவறிச் சாப்பிட்டுவிட்டால் சீலியாக்கோ ஒவ்வாமையோ இல்லாத குழந்தைக்கு ஆபத்து ஒன்றுமில்லை. பதிவில் எழுதிவிட்டுத் தொடருங்கள். அடுத்த இரண்டு நாள் நடத்தை மோசமானால் "அந்த ஒரு பிஸ்கட்டால்தான்" என்று அவசரப்பட வேண்டாம். விருந்தின் சத்தமும் கூட்டமும்கூடக் காரணமாக இருக்கும்.

எடை குறைந்தால், மாற்றுப் பொருட்களையும் ஒதுக்கிச் சாப்பிடும் பட்டியல் சுருங்கினால், தண்ணீர் குடிப்பதே குறைந்தால், அன்றே சோதனையை நிறுத்திப் பழைய உணவுக்குத் திரும்புங்கள். முடிவு நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படி 7: திரும்பக் கொடுத்துப் பாருங்கள்

பெரும்பாலான வீடுகளில் விடுபடுவது இதுதான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பயம். ஆனால் நிறுத்தியபோது நன்றானது தற்செயலாகவும் இருக்கலாம். திரும்பக் கொடுத்து, பழையபடி ஆகி, மறுபடி நிறுத்தும்போது மறுபடி நன்றானால் மட்டுமே நம்பலாம்.

முடிந்தால் ஒருவர் மட்டும் அறிந்து செய்யுங்கள். அப்பா மசித்த கிழங்கில் பால் பவுடர் கலப்பார். எந்த வாரம் கலந்தார், எந்த வாரம் கலக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியாது, அவர்தான் பதிவு எழுதுவார். ஒவ்வொரு வாரமும் ஒரு தாள், கடைசியில் அப்பாவின் குறிப்பையும் அம்மாவின் தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. முன்பு பாலுக்கு ஒவ்வாமை இருந்த, அல்லது இருந்ததோ என்று சந்தேகமுள்ள குழந்தைக்கு மட்டும் இதை வீட்டில் செய்யக் கூடாது. நீண்ட நாள் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி கொடுக்கும்போது கடுமையான எதிர்வினை வரலாம், மருத்துவர் முன்னிலையில்தான்.

தாள்களைப் பார்த்ததும் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். வித்தியாசம் இல்லையென்றால் பழைய உணவுக்குத் திரும்புங்கள். பள்ளிக்கும் உறவினர்களுக்கும் கட்டுப்பாடு முடிந்தது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் குழந்தைக்கு கேக் தராமல் தனியாக உட்கார வைப்பார்கள். வித்தியாசம் இருக்கிறது, பால் கொடுத்த வாரங்களில் மலம் கட்டிப்படுகிறது, இரவு விழிப்பு கூடுகிறது என்றால் பாலை நிறுத்தியே வையுங்கள். அதற்காகக் கோதுமையையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை இரும்பும் வைட்டமின் டியும். வருடம் ஒருமுறை பாலைக் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் நாளையும் இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். சிறு வயதில் ஒத்துக்கொள்ளாதது பிறகு ஒத்துக்கொள்வது உண்டு.

பழைய உணவுக்குத் திரும்பும்போதும் அதே டம்ளர் கணக்குதான். மூன்று மாதம் சோயாப் பால் குடித்துப் பழகிய பிள்ளை, ஒரு காலத்தில் கேட்டுக் கேட்டுக் குடித்த பாலையே தள்ளிவிடும். 180க்கு 20 என்று அந்தப் பக்கமிருந்து தொடங்குங்கள்.